கண்ணாயி என்கிற வெண்ணிலாவின் எல்.எல்.ஆர்.

ஏற்காட்டு மலைக் கிராமமான வெள்ளக்கடையில் வெண்ணிலாவுக்கு இரண்டு பெயர் என்பது ஒரு செய்தியே அல்ல. அப்பா வழிச் சொந்தக்காரர்கள் அவளைக் கண்ணாயி என்பார்கள். அம்மா வழிச் சொந்தக்காரர்கள் வெண்ணிலா என்பார்கள். காப்பித் தோட்டத்தில் மேலே இருந்து ஒருவர் கண்ணாயி என்றும், கீழே இருந்து இன்னொருவர் வெண்ணிலா என்றும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால், இடுப்பில் கட்டிய கூடையோடு நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே "வாரேன்" போடுவாள். முப்பத்து நான்கு வருஷம் இப்படிச் சுகமாகப் போயிற்று. ஒரு வண்டி வந்து அதைக் கெடுத்தது.

ஊர்ப் பெண்கள் விவசாயக் குழுவுக்கு ஒரு சின்ன சரக்கு வண்டி கிடைக்கப்போகிறது என்று தெரிந்த அன்று, குழுத் தலைவி மேனகா கூட்டத்தைக் கூட்டினாள். மிளகும் சாமையும் ஆரஞ்சும் இனிமேல் நம் வண்டியிலேயே சேலத்துக்கு இறங்கும் என்று அவள் சொன்னதும் ஒரே கைதட்டல். கைதட்டி முடித்த பிறகுதான், ஓட்டுவது யார் என்ற கேள்வி வந்தது.

"பொம்பளைங்க குழு வண்டிய பொம்பளதான் ஓட்டோணும்," என்றாள் மேனகா.

அத்தனை பேரும் வெண்ணிலாவைப் பார்த்தார்கள். காரணம் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்பு காப்பிப் பழம் பறிக்கிற காலத்தில் எஸ்டேட் ஜீப் டிரைவர் காய்ச்சலில் படுத்துக்கொண்டார். எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த நேரம், "நான் வேணா எடுத்துப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டவள் வெண்ணிலா. எடுத்தாள். முதல் நாள் இரண்டு காப்பிச் செடி போயிற்று. இரண்டாம் நாள் ஒன்றும் போகவில்லை. அன்றிலிருந்து எஸ்டேட் பாதைக்குள் மூட்டை ஏற்றி இறக்குவது அவள் வேலை. ஏற்றத்தில் கியரை மாற்றி, வண்டி ஒரு உறுமு உறுமி மேலே கிளம்பும்போது அவள் வயிற்றுக்குள் காரணமே இல்லாமல் ஒரு சிரிப்பு கிளம்பும். எஸ்டேட் கேட்டுக்கு வந்ததும் அது அடங்கிவிடும். கேட்டுக்கு வெளியே தார் ரோடு. தார் ரோட்டுக்கு லைசென்ஸ் வேண்டும்.

"லைசென்சு இருக்குதா உன்ற பொம்பளைக்கு?" என்று வாசலில் நின்றபடி கேட்டான் விஜயகுமார். வெண்ணிலாவின் பெரியப்பா மகன். அவனிடம் அஞ்சு வருஷ லைசென்ஸ் இருந்தது. ஓட்ட வண்டிதான் இல்லை.

மேனகா யோசித்தாள். "சரி. அடுத்த வெள்ளிக்கிழம இல்ல, அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமக் கூட்டத்துல வெண்ணிலா எல்.எல்.ஆர். கொண்டாந்து காட்டட்டும். காட்டிட்டான்னா அவ பேர எழுதறோம். மாசம் கழிச்சு பெரிய லைசென்சு எடுத்துக்கட்டும். காட்டலீன்னா விஜயகுமாரு."

"பதினோரு நாள்," என்று விஜயகுமார் விரலை விரித்துக் காட்டினான். பதினொன்றுக்கு விரல் பற்றாமல் ஒரு கால் கட்டைவிரலையும் தூக்கினான்.

அன்று வீட்டுக்குப் போன வெண்ணிலா தகரப் பெட்டியைத் திறந்து எல்லாத் தாளையும் தரையில் பரப்பினாள். அவள் கணவன் சிவக்குமார் ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் மாஸ்டர். அவனுக்குத் தாள் என்றால் பயம். மலையில் மழைக்காலத்தில் தாள் இருக்காது, பூஞ்சைதான் இருக்கும். அதனால் கையில் கிடைப்பதையெல்லாம் லேமினேட் செய்துவிடுவான். கல்யாணப் பத்திரிகை, கரண்ட் பில், ஆட்டுக்கு இன்சூரன்ஸ் போட்ட சீட்டு எல்லாம் பளபளவென்று கிடந்தன. ஆட்டின் சீட்டில் நிறம், அடையாளம், வயது, உரிமையாளர் எல்லாம் திருத்தமாக இருந்தது. அந்த ஆடு கேட்டிருந்தால் மறுநாளே எல்.எல்.ஆர். கொடுத்திருப்பார்கள்.

மறுநாள் ஏற்காடு டவுனில் இ-சேவை மையத்துப் பெண் கீர்த்தனாவின் முன்னால் அந்தக் கட்டை வைத்தாள்.

"அட்ரஸுக்கு ஒண்ணு, வயசுக்கு ஒண்ணு வேணுங்கா. போட்டோ இங்கயே எடுத்துக்கலாம். உடம்பு நல்லாருக்குன்னு நீங்களே ஒரு பாரத்துல கையெழுத்துப் போடணும்," என்று கீர்த்தனா சொல்லிக்கொண்டே ஆதாரை எடுத்தாள். "கண்ணாயி. பொறந்த வருஷம் மட்டும் இருக்கு, தேதி இல்ல. பரவால்ல. பர்த் சர்டிபிகேட் இருக்குதுங்களா?"

"வீட்டுலயே பொறந்தனுங்க. அதெல்லாம் பதியல."

"ஸ்கூல் டி.சி. இருந்தாப் போதும்." டி.சி.யை எடுத்தாள். படித்தாள். ஆதாரைப் பார்த்தாள். மறுபடி டி.சி.யைப் பார்த்தாள். "இது யாருங்கா, வெண்ணிலா?"

"நானுங்க."

"அப்ப இந்தக் கண்ணாயி?"

"அதுவும் நானுங்க."

கீர்த்தனா நாற்காலியில் சாய்ந்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ரேஷன் கார்டில் வெண்ணிலா. வாக்காளர் அட்டையில் வெண்ணிலா. பேங்க் புத்தகத்தில் கண்ணாயி. கண்ணாயிக்குக் கைரேகை இருந்தது, படிப்பு இல்லை. வெண்ணிலா எட்டாவது பாஸ், ஆனால் கைரேகை இல்லை.

"ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு ஒரு சான்று வாங்கிட்டு வந்துடுங்கா. வி.ஏ.ஓ. விசாரிச்சு எழுதுவாங்க, தாசில்தார் கையெழுத்துப் போடுவார். அது வந்துட்டா அரை மணி நேர வேலை."

அன்று சாயங்காலம் சங்கதியைக் கேட்ட சிவக்குமார், "எனக்கு ரெண்டு பொண்டாட்டின்னு இத்தன வருசம் ஒருத்தரும் சொல்லலியே," என்றான். "யாரு புள்ள நல்லா சமைக்கிறவ? அவள மட்டும் வெச்சுக்கறேன்."

"ரெண்டு பேருஞ் சேந்து ஒதைப்போம், வாங்கிக்கிறீங்களா?"

இந்த இரண்டு பெயருக்குக் காரணம் வெண்ணிலாவின் அம்மா காவேரி. அவர்கள் குடும்பத்தில் தலைச்சன் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயரைத்தான் வைப்பார்கள். அந்தப் பெயர் கண்ணாயி. வைத்தாகிவிட்டது. ஆனால் மருமகள் மாமியார் பெயரைச் சொல்லக்கூடாது. புருஷன் பெயரையும் சொல்லக்கூடாது. புருஷன் பெயர் ஐயாக்கண்ணு. ஆக, கல்யாணமான நாளிலிருந்து காவேரி வாயில் கண்ணு என்ற சத்தமே வந்ததில்லை. ஊரே பிள்ளைகளைக் கண்ணு கண்ணு என்று கொஞ்சும்போது அவள் சாமி என்று கொஞ்சுவாள். கண் வலித்தால் முழி வலிக்கிறது என்பாள். கண்ணாடி அவளுக்கு மூஞ்சி பார்க்கிற சாமான். பெற்ற மகளையும் அவள் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது.

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று, ஜெயமேரி டீச்சர் பெயர் கேட்டார்.

"எங்க மாமியா பேருங்க டீச்சர்."

"உங்க மாமியார் பேரு என்னம்மா?"

"இவ பேருங்க."

டீச்சருக்குப் பின்னால் இன்னும் இருபது பிள்ளைகள் அழுதுகொண்டு நின்றன. இரண்டு சுற்று இப்படிச் சுற்றிய பிறகு டீச்சரின் பார்வை காவேரியின் கையிலிருந்த மஞ்சள் பையில் விழுந்தது. வெண்ணிலா ஜவுளி ஸ்டோர் என்று அதில் போட்டிருந்தது. "இந்தப் பேரு நல்லாருக்கா?" என்று டீச்சர் படித்துக் காட்டினார். "நொம்ப நல்லாருக்குதுங்க," என்றாள் காவேரி. பிறந்த தேதியையும் டீச்சரே ஒன்று பார்த்துப் போட்டார். பல வருஷம் கழித்து ஆதார் எடுக்க ஆள் வந்தபோது கூட்டிப்போனது அப்பா. அவர் கண்ணாயி என்று சொன்னார். பிறந்தது எப்போது என்று கேட்டதற்கு, "ஆரஞ்சு நொம்பக் காச்ச வருசமுங்க," என்றார். வந்தவர் ஒரு வருஷத்தைக் குத்துமதிப்பாகப் போட்டுக்கொண்டார். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. இப்போது கண்ணாயியையும் வெண்ணிலாவையும் சேர்த்துத் தெரிந்த பெற்றவர் ஒருத்திதான் மிச்சம்.

திங்கட்கிழமை அம்மாவை வி.ஏ.ஓ. ஆபீசுக்குக் கூட்டிப்போனாள் வெண்ணிலா. சாட்சிக்கு மேனகாவும் வந்தாள். வி.ஏ.ஓ. தேவகுமாரி ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், மலைக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம். நல்ல மாதிரி, ஆனால் எழுத்தில் கறார்.

"உங்க பேரும்மா?"

"காவேரிங்க."

"வீட்டுக்காரர் பேரு?"

காவேரி கூரையைப் பார்த்தாள்.

"ஐயாக்கண்ணுங்க மேடம்," என்று வெண்ணிலா முந்திக்கொண்டாள்.

"சரி, அது ரேஷன் கார்டுலயே இருக்கு. நீங்க பெத்த பொண்ணு பேரு?"

"வெண்ணிலாங்க!" மணி அடித்தது போல வந்தது பதில்.

"இவங்களுக்கு இன்னொரு பேரு உண்டா?"

"உண்டுங்க."

"என்ன பேரு?"

"அவிய பேருதானுங்க."

"எவங்க பேரு?"

"எங்கூட்டுக்காரரைப் பெத்தவிய பேருங்க."

"அவங்க பேரு என்னம்மா?"

காவேரி கலவரமாக மகளைப் பார்த்தாள். பிறகு ஒரு யோசனை வந்தவளாய் இரண்டு கையாலும் தன் கண்களைத் தொட்டுக் காட்டினாள். மூலையில் உட்கார்ந்திருந்த தலையாரி வேடியப்பனுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "மீனாட்சி!" என்றார். காவேரி இல்லையென்று தலையாட்டினாள். "காமாட்சி? விசாலாட்சி?" காவேரி இன்னும் அழுத்தமாகக் கண்ணைக் குத்திக் காட்டினாள். "ஆசுபத்திரிக்குப் போகோணுமா?"

"வேடியப்பன், நீங்க சும்மா இருங்க," என்றார் தேவகுமாரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அம்மா, எழுதிக் காட்டுவீங்களா?"

"கைநாட்டுங்க மேடம். நீங்களே சொல்லுங்க, நானு தலையாட்டிப் போடறேன்."

"அதுதாம்மா முடியாது. ஒரு தடவ ஒருத்தர் தலையாட்டினத நம்பி எழுதி, மூணு மாசம் அலைஞ்சிருக்கேன். பேரு ஆதார்லயே இருக்கு, எனக்குத் தெரியுது. எனக்குத் தெரிஞ்சு என்ன? இது உங்க வாக்குமூலம். உங்க வாயால வரணும், ரெண்டு சாட்சி கேக்கணும், நான் எழுதணும், நீங்க ரேகை வெக்கணும்."

காவேரி வாயைத் திறந்தாள். மூச்சை இழுத்தாள். எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். காற்று மட்டும் வந்தது.

"புதன்கிழமை வாங்க," என்றார் தேவகுமாரி. "அன்னிக்கு எழுதினாத்தான் வியாழக்கிழமை கையெழுத்தாகி வெள்ளிக்கிழமை உங்க கைக்கு வரும். அதுக்கு மேல போனா என்னைக் கேக்கக் கூடாது."

இரண்டு நாளும் சிவக்குமார்தான் வாத்தியார். "அத்தை, வாய்க்கே தெரியாம வெடுக்குனு சொல்லிருங்க," என்றான். காவேரி வெடுக்கென்று தும்மினாள். "தண்ணிய வாயில ஊத்திக்கிட்டு உள்ளுக்குள்ளயே சொல்லிப் பழகுங்க," என்றான். அவள் தண்ணீரை நிரப்பிக்கொண்டு கண்ணை மூடிப் பெருமுயற்சி செய்தாள். களகளவென்று ஒரு சத்தம் எழும்பியது. அடுத்த கணம் முழுச் செம்புத் தண்ணீரும் சிவக்குமாரின் மூஞ்சியில். மீசையிலிருந்து சொட்டச் சொட்ட, "எழுத்து கொஞ்சம் கலங்கலா இருக்குதுங்க அத்தை," என்றான் அவன். வெண்ணிலா சிரித்து, சுவரைப் பிடித்து, கீழே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, போதும் போதும் என்று கெஞ்சினாள். சிரிப்பு அடங்கியபோது செவ்வாய்க்கிழமை மதியம் ஆகியிருந்தது. நாளைக்குப் புதன். சிரித்த வயிற்றிலேயே பயமும் உட்கார்ந்துகொண்டது.

காவேரிக்கும் பயம்தான். தோட்டத்து மூலையில் மாமியாருக்கு நட்ட கல்லின் முன்னால் சூடம் கொளுத்தி, உத்தரவு கேட்டு, பல்லி சொல்லுமா என்று வெகுநேரம் காத்துக்கொண்டு நின்றாள். பல்லி சொல்லவில்லை. "உசுரோட இருந்தப்பவே ஒண்ணுக்கும் சரின்னு சொன்னதில்ல, இப்ப மட்டும் சொல்லிருவாங்களாக்கும்," என்று திரும்பி வந்தாள்.

"சொன்னா என்னம்மா ஆயிரும்?" என்றாள் வெண்ணிலா.

"ஆறதுக்கு என்ன சாமி இருக்குது. வாய்க்கு வர மாட்டேங்குது. கட்டிக்கிட்டு வந்த நாளா அடச்ச வழி. நான் தள்ளறேன், அது தெறக்க மாட்டேங்குது." சொல்லிவிட்டு மகளின் கையைப் பார்த்தாள். பேசிக்கொண்டே வெண்ணிலாவின் இடது கை காற்றில் கியர் மாற்றிக்கொண்டிருந்தது. அது அவளுக்கே தெரியாது.

புதன்கிழமை ஆபீசில் விஜயகுமார் உட்கார்ந்திருந்தான். சிட்டா வாங்க வந்தானாம். அன்றைக்கென்று வர வேண்டிய சிட்டா.

மறுபடி அதே கேள்வி. பெயர், காவேரி. பெண் பெயர், வெண்ணிலா. இன்னொரு பெயர். காவேரி மூச்சை இழுத்தாள். மேனகா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். தேவகுமாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பொறுமையாக இருந்தார். வேடியப்பன் உதட்டைக் கடித்துக்கொண்டு தனக்குத் தோன்றிய பெயர்களை விழுங்கினார். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். வெண்ணிலா கடிகாரத்தைப் பார்ப்பதில்லை என்று சபதம் செய்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாக்குமூலம் இல்லாம என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா," என்று தேவகுமாரி பேனாவை மூடப் போனார்.

"விடுங்க சின்னம்மா," என்றான் விஜயகுமார், ஆறுதல் சொல்கிற குரலில். "எதுக்கு இம்புட்டு கஷ்டம்? எங்கப்பனப் பெத்த ஆயா மட்டும் இருந்திருந்தா பொட்டப்புள்ளைய வண்டி முன்சீட்டுலயே உக்கார விட்டிருக்காது. இவ ஸ்டேரிங்க வேற புடிக்கப் போறாளாமா."

காவேரி மெதுவாகத் திரும்பினாள்.

"ஆரு? ஆரு உக்கார விட்டிருக்காது?"

"எங்க ஆயாதான்."

"கண்ணாயியா?"

வேடியப்பன் எழுந்தே விட்டார்.

"அந்தக் கண்ணாயி என்ன பண்ணுனான்னு தெரியுமாடா உனக்கு? நான் கட்டிக்கிட்டு வந்து ஆறாம் மாசம். அடிவாரத்துல இருந்து எஸ்டேட் ஜீப்புல வாரோம். பின்னால பூரா மூட்ட. எடமில்ல. முன்னால ஏறுங்க தாயின்னாரு டிரைவரு. ஏறுனேன். முன்னால அம்மாம் பெரிய கண்ணாடி. ஆமா, கண்ணாடின்னுதான் சொல்றேன், கேட்டுக்க! மல முச்சூடும் அதுக்குள்ள வந்து என்ற மடில விழறாப்பல இருந்துச்சு. எனக்கு அப்பிடியொரு சிரிப்பு. நிக்கவே மாட்டேங்குது. மூணாவது வளவுல, மூட்ட மேல உக்காந்திருந்த உங்காயா, எறக்கி விடுங்கடா அவளங்கறா! ஆம்பள பக்கத்துல பல்லக் காட்டிக்கிட்டு வாராளாமா! எறக்கி விட்டாடா. மிச்சம் பதினேழு வளவும் நடந்தே ஏறுனேன். தலைல அவ வாங்குன புது அண்டா வேற!"

விஜயகுமார் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். காவேரி அவனை விட்டுவிட்டு மோட்டுவளையை நோக்கி நிமிர்ந்தாள்.

"ஏ கண்ணாயி! கேக்குதா கண்ணாயி? என்ற புள்ள வண்டி ஓட்டுவா. முன்சீட்டுல உக்காந்துதான் ஓட்டுவா. பின்சீட்டுல உக்காந்து ஓட்டற வண்டி இன்னும் வரலடீ கண்ணாயி!"

"டீ" வந்த இடத்தில் வேடியப்பன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். மேனகா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். தேவகுமாரி மேசையில் தலையைக் கவிழ்த்திருந்தார். தோள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"அம்மா, போதும்மா," என்றார் நிமிர்ந்து, கண்ணைத் துடைத்தபடி. "ஒரு தடவ சொன்னாப் போதும்."

"இருங்க மேடம். கண்ணாயி பண்ணுனது இன்னும் இருக்குது. கொள்ளுக் கடஞ்சு வெச்சா உப்பில்லம்பா. உப்புப் போட்டா கரிக்குதும்பா..."

"எழுத எடமில்லம்மா! இதெல்லாம் இன்னொரு நாள் நானே வீட்டுக்கு வந்து கேக்கறேன். இப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்க சொன்னது உங்க மாமியார் பேரு. நான் கேட்டது உங்க பொண்ணு பேரு."

காவேரி நின்றாள். கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தாள். முதன்முதலாகப் பார்ப்பது போல மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இவளுங்களா?" என்றாள். குரல் சின்னதாகிவிட்டது. "கண்ணாயிங்க."

"என்னம்மா," என்றாள் வெண்ணிலா. கூப்பிட்டால் திரும்புகிற பழக்கம், தானாக வந்துவிட்டது. வந்த பிறகுதான், அம்மா இந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இதுவரை தான் ஒருநாளும் திரும்பியதில்லை என்பது உறைத்தது. ஏன் என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

தேவகுமாரி எழுதினார். இத்தனை ஆரவாரமும் தாளில் இரண்டு வரிக்கு மேல் வரவில்லை: என் மகள் வெண்ணிலாவும் ஆதாரில் உள்ள கண்ணாயியும் ஒருவரே, இரண்டும் அவள் பெயர்தான். படித்துக் காட்டினார். காவேரி கட்டைவிரலை மையில் அழுத்தி, அன்று மூன்றாவது வளைவில் ஜீப்பிலிருந்து இறங்கிக் காலை ஊன்றியது போல ஓர் ஊன்று ஊன்றினாள். மேனகா முதல் சாட்சி.

"இன்னொரு சாட்சி?" தேவகுமாரி சுற்றிப் பார்த்தார். "வேடியப்பன் ஆபீஸ் ஆளு, அவர் போடக் கூடாது. விஜயகுமார், நீங்க கேட்டீங்கல்ல?"

"நானுங்களா?"

"நீங்கதான் எல்லாருக்கும் முன்னால கேட்டது."

விஜயகுமார் பேனாவை வாங்கினான். தாளைப் பார்த்தான். சின்னம்மாவைப் பார்த்தான். சின்னம்மாவிடம் இன்னும் கொள்ளுக் கடைசல் கதை மிச்சமிருப்பது அவனுக்குத் தெரிந்தது. மளமளவென்று கையெழுத்துப் போட்டுவிட்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம் சான்று தயார் என்று செல்போனில் தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் மையத்தின் ஷட்டரைக் கீர்த்தனா தூக்குவதற்கு முன்பே வெண்ணிலா வாசலில் நின்றாள். சான்று ஒன்று, ஆதார் ஒன்று, டி.சி. ஒன்று, எல்லாவற்றுக்கும் மும்மூன்று ஜெராக்ஸ். சிவக்குமார் சான்றை லேமினேட் செய்யக் கிளம்பியபோது கையைத் தட்டிப் பிடுங்கி வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துச் சாலைக் குறிகளைக் காட்டிக் கேள்வி கேட்டார்கள். கொண்டை ஊசி வளைவு என்ற குறி வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடை சொல்லிவிட்டுத்தான் சிரித்தாள். வழிவிடு என்ற குறியில் மட்டும் தப்பு. பிரிண்டர் ஒரு தாளை மெல்ல மெல்ல வெளியே தள்ளியது. பெயர்: கண்ணாயி. போட்டோவில் வெண்ணிலா, வாயெல்லாம் பல்லாக. "போட்டோக்குச் சிரிக்கக் கூடாதுன்னு சொன்னேனேங்கா," என்றாள் கீர்த்தனா.

மூன்று மணிக் கூட்டத்தில் மேனகா அந்தத் தாளைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, தீர்மான நோட்டில் ஓட்டுநர் பெயரை எழுதினாள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. விஜயகுமார் கையெழுத்துப் போட்ட சாட்சியாயிற்றே. அவன் எப்படி மறுப்பான்?

ஆனால் அவனிடமிருந்து வெண்ணிலாவாலும் தப்ப முடியவில்லை. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டும்போது பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும் என்பது சட்டம். வெள்ளக்கடையில் லைசென்சும் வைத்துக்கொண்டு வேலையும் இல்லாமல் இருந்தவன் அவன் ஒருவன்தான். வண்டி வந்து சேர்ந்த அன்று மேனகாவே போய்க் கேட்டாள். அரை மணி நேரம் பிகு பண்ணிவிட்டு வந்து ஏறினான்.

முன்னாலும் பின்னாலும் சிவப்பில் எல் போர்டு. வெண்ணிலா சீட்டை முன்னால் தள்ளி, கண்ணாடியைத் திருப்பி, சாவியைத் திருகினாள். கேட்டைத் தாண்டித் தார் ரோட்டில் சக்கரம் ஏறியதும் வயிற்றுக்குள் அந்தச் சிரிப்பு கிளம்பியது. ஏற்றத்தின் பாதியில் வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. விஜயகுமார் இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்திருந்தான்.

"கிளட்ச்சு கண்ணாயி, கிளட்ச்சு! ஜீப்புன்னு நெனச்சியா?"

"இருடா அண்ணா, ஓட்டற எனக்கில்லாத பயம் உனக்கென்ன?" என்றாள் அவள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பஸ்காரனைச் சித்த நேரம் பொறுக்கச் சொல்லிவிட்டு, மறுபடி சாவியைத் திருகினாள்.